வாய் திறக்காததால் பிழைத்த குகை: கார்ட்ச்னர் நிகழ்வு ஆய்வு, மேலூர் மலைகளிலிருந்து

மேலூர்ப் பக்கம் ஒரு மலை. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, காரணம் போகப் போகப் புரியும். அங்கே சாய்ந்து நிற்கிற ஒரு பாறைக்கு அடியில், ஆள் குனிந்து நுழைகிற அளவு இடத்தில், வெண்சாந்தில் வரைந்த உருவங்கள் இருந்தன. கையை மேலே தூக்கி நிற்கிற ஒரு மனிதன், பக்கத்தில் ஏதோ ஒரு விலங்கின் மேல் உட்கார்ந்திருக்கிற இன்னொருவன், இரண்டும் என் உள்ளங்கை அளவுகூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிற எங்கள் சின்னக் கூட்டம் அதைப் பார்த்தது, படம் எடுத்தது, ஆர்வம் தாங்காமல் அன்று சாயங்காலமே ஊர்ப்பெயர், வழி, எந்தப் புளியமரத்தில் திரும்ப வேண்டும் என்பது வரை எழுதி எல்லாருக்கும் அனுப்பினோம். நான்கு மாதம் கழித்துப் போனபோது, கை தூக்கிய மனிதனின் மேல் கரித்துண்டால் ஒரு இதயமும் இரண்டு எழுத்தும் கிறுக்கியிருந்தது. அதைவிடக் கொடுமை என்னவென்றால், வேறு யாரோ நல்ல மனசோடு அந்தக் கரியை ஈரத்துணியால் துடைக்கப் பார்த்திருக்கிறார்கள். கரி பாதி போயிருந்தது. வெண்சாந்து முழுசாகப் போயிருந்தது.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போய்க் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "சின்னப்பிள்ளையில இருந்து இங்கதான் தம்பி ஆடு மேய்க்கிறேன். மழை வந்தா அந்தப் படத்துக்குக் கீழதான் ஒதுங்குவோம். ஒருத்தன் கை வச்சதில்ல. நீங்க வந்து போன பொறகுதான் வண்டி வண்டியா வந்தாய்ங்க" என்றார். "ஐயா, நாங்க நல்லதுக்குத்தான் எழுதினோம்" என்றேன். "நல்லதுக்குத்தான். யாரு இல்லேன்னா?" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்தப் பேச்சு என்னை விடவே இல்லை. உலகத்தில் யாராவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று தேடிப் படித்தபோதுதான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிற கார்ட்ச்னர் குகை கண்ணில் பட்டது. நம்ம ஊர்ப் பாறையும் அந்தக் குகையும் வேறு வேறு சாதி, அது தெரியும். ஆனால் அங்கே இரண்டு பேர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், நாங்கள் எந்த இடத்தில் சறுக்கினோம் என்பது பளிச்சென்று தெரிகிறது.

வெடிப்பிலிருந்து வந்த காற்று

டூசான் நகரத்துக்குக் கிழக்கே, பென்சன் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் வெட்ஸ்டோன் மலைகள். சுற்றிலும் வறண்ட பூமி, ராமநாதபுரம் போகிற வழியில் கருவேலங்காடாகக் கிடக்குமே, அதைவிடவும் காய்ந்த நிலம். 1967ல் ராண்டி டஃப்ட்ஸ் என்ற இளைஞர் அந்த மலையடிவாரத்தில் மண் உள்வாங்கிய ஒரு பள்ளத்தையும் அதில் ஒரு வெடிப்பையும் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, போய்விட்டார். 1974 நவம்பரில் நண்பர் கேரி டெனனைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். இந்த முறை வெடிப்பிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்தது, அந்தக் காற்றில் வௌவால் எச்சத்தின் வாடை. பழைய கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அதே வாடைதான். பாலைவனத்தில் ஈரக்காற்று வருகிறது என்றால் உள்ளே ஈரத்தைப் பொத்திவைத்த பெரிய வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு பேரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஓர் இடத்தில் காற்று மட்டும் வருகிற சின்னப் பொத்தல்தான் இருந்தது, அதைச் சுத்தியலும் உளியும் வைத்து ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கினார்கள். அந்தப் பக்கம், மனிதன் கால் படாத குகை. மொத்த நீளம் சுமார் 4 கிலோமீட்டர். கூரை முழுக்கக் கல்விழுதுகள், தரையிலிருந்து மேலே எழும்புகிற கல்முளைகள், இரண்டும் சேர்ந்து தூணானவை, மடித்த துணி மாதிரித் தொங்குகிற கல் திரைகள். பின்னாளில் குப்ளா கான் என்று பெயர் பெற்ற ஒரு தூண் மட்டும் 58 அடி உயரம்.

எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: முதல் பயணங்களிலேயே ஒரே ஒரு தடத்தில் மட்டும் நடப்பது என்று முடிவு செய்தார்கள். உள்ளே சில அறைகளின் தரை முழுக்க மென்மையான சேறு, கால் வைத்தால் அச்சு அப்படியே நின்றுவிடும், அதை அழிக்க மழையோ காற்றோ வராது. ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடிப் பார்த்திருந்தால் அந்தத் தரை ஒரே நாளில் போயிருக்கும். முன்னால் போனவரின் காலடியிலேயே பின்னால் வருபவர் கால் வைத்தார். இன்றைக்குப் போகிற பார்வையாளர்களுக்கும் அந்தச் சேற்றில் அவர்கள் போன ஒற்றையடித் தடம் தெரிகிறது.

ஒரு சொட்டுத் தண்ணீர் செய்கிற வேலை

காளவாசல் (சுண்ணாம்புச் சூளை) என்று பஸ் நிறுத்தத்துக்கே பெயர் இருக்கிற மதுரையில் சுண்ணாம்பைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆனாலும் இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எதைக் காப்பாற்றுகிறோம் என்பது இங்கேதான் இருக்கிறது.

போர்த் தண்ணியில் வெந்நீர் வைக்கிற அண்டாவின் அடியில் வெள்ளையாகக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளுமே, குகைக்குள் நடப்பதும் அதே வேலைதான், நெருப்பில்லாமல், மிக மெதுவாக. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேரும் மட்கின இலையும் விடுகிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் இறங்கும்போது கல்லைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குகையின் கூரைக்கு வந்து சொட்டாகத் தொங்கும்போது, கோலி சோடாவைத் திறந்தவுடன் வாயு வெளியேறுவது போல, கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. வாயு போனதும் தண்ணீரால் அவ்வளவு சுண்ணாம்பைச் சுமக்க முடிவதில்லை, சொட்டின் விளிம்பைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு வளையமாக அது படிகிறது. அடுத்த சொட்டு அந்த வளையத்தின் நடுவே வந்து தொங்குகிறது, அதன் விளிம்பில் இன்னொரு வளையம். இப்படி வளையத்துக்குக் கீழே வளையமாக நீண்டு, உள்ளே துளையுள்ள ஒரு குழல் உருவாகிறது. இளநீர்க் கடையில் போட்டுத் தருகிற ஸ்ட்ரா பருமன்தான் இருக்கும்.

கார்ட்ச்னரில் அப்படி ஒரு குழல் 6.45 மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிறது. இரண்டு மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு ஸ்ட்ரா, அதற்குள் இன்னமும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. பல ஆயிரம் வருட வேலை. தோளில் மாட்டிய பை ஒருமுறை உரசினால் போதும்.

உடைப்பது மட்டும்தான் ஆபத்து என்றில்லை. விரலால் தொட்டால் தோலின் எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது, நிறமும் கறுக்கும். உடையிலிருந்து உதிர்கிற நூல் துணுக்கும் தலைமுடியும் பூஞ்சைக்குச் சாப்பாடு. அப்புறம் காற்று. அந்தக் குகைக்குள் ஈரப்பதம் 99 சதவீதத்துக்கும் மேல், வெப்பம் வருடம் முழுக்கச் சுமார் 20 டிகிரி. வெளியே பாலைவனம். ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தால் போதும், அந்த வறட்டுக் காற்று உள்ளே இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் போனால் விழுதுகள் பளபளப்பு இழந்து, மேலே மாவு பூத்து, வளர்ச்சி நின்று போகும்.

பதினான்கு வருடம்

டஃப்ட்ஸும் டெனனும் அதற்கு முன்னால் வேறு குகைகளைப் பார்த்தவர்கள். ஒரு குகையின் இடம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவர்கள். உடைந்த விழுதுகள், பெயர் கிறுக்கிய சுவர்கள், பியர் புட்டிகள். இந்தக் குகையோ நெடுஞ்சாலைக்கு வெகு பக்கத்தில். அதனால் சொல்லவில்லை. குகைக்கு ஸனடு என்று ஒரு மறைபெயர் வைத்துக்கொண்டார்கள். தவிர்க்க முடியாமல் யாரையாவது உள்ளே கூட்டிப் போனால், வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

நிலம் கார்ட்ச்னர் குடும்பத்துக்குச் சொந்தம். 1978ல் நேராக அந்தக் குடும்பத்திடம் போய், உங்கள் நிலத்துக்கு அடியில் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னார்கள். நினைத்துப் பார்த்தால் இதுதான் மொத்தக் கதையிலும் துணிச்சலான காரியம். அவர்கள் குகையை மூடியிருக்கலாம், வந்த விலைக்கு விற்றிருக்கலாம், மறுநாளே டிக்கெட் போட்டிருக்கலாம். ஜேம்ஸ் கார்ட்ச்னரும் லோயிஸ் கார்ட்ச்னரும் அவர்கள் பிள்ளைகளும் அப்படிச் செய்யவில்லை, அந்த ரகசியத்தில் அவர்களும் பங்காளிகள் ஆனார்கள்.

குடும்பமும் இவர்களும் சேர்ந்து தனியாரே நடத்துகிற காட்சிக்குகையாகத் திறக்கலாமா என்றுகூட முதலில் யோசித்தார்கள். இதைத் தாங்க அரசாங்கத்தின் தோள் வேண்டும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. 1985ல் அப்போதைய ஆளுநர் புரூஸ் பாபிட் தன் மகன்களோடு வந்து அந்த வெடிப்பு வழியாகத் தவழ்ந்து போய்ப் பார்த்தார். 1988ல் குகையை மாநிலப் பூங்காவாக வாங்குவதற்கான சட்டம் நிறைவேறியது. அதற்குப் பிறகுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. கண்டுபிடித்ததற்கும் அறிவித்ததற்கும் நடுவில் பதினான்கு வருடம். நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பகல்.

திறப்பதற்கு முன் பதினோரு வருடம்

வாங்கிய உடனே வாசலில் பலகை மாட்டவில்லை. முதலில் சுமார் இரண்டு வருடம் குகையை அளந்தார்கள். வெப்பம், ஈரம், சொட்டுகள், காற்றோட்டம், ரேடான் வாயு, வௌவால்கள். யாரும் வராத நிலையில் குகை எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தால்தான், ஆட்கள் வந்த பிறகு என்ன மாறியது என்று சொல்ல முடியும்.

பார்வையாளர்களுக்காகத் தனிச் சுரங்கப் பாதை குடைந்து, அதில் ஒன்றன்பின் ஒன்றாகக் கனமான கதவுகள் வைத்தார்கள். முன்கதவு மூடிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும், வெளிக்காற்று நேராக உள்ளே போகாது. வருகிறவர்களின் மேல் உள்ள தூசும் நூலும் பறக்காமல் இருக்க மெல்லிய நீர்த்தூவல். பாதையின் இரண்டு பக்கமும் சின்னத் தடுப்பு, விழுகிற நூல் துணுக்குகள் அதற்குள்ளேயே தங்கிவிடும், பிறகு பாதையைக் கழுவி எடுத்துவிடுவார்கள். யாராவது தெரியாமல் ஒரு கல்லைத் தொட்டுவிட்டால் வழிகாட்டி அந்த இடத்தில் அடையாளம் வைப்பார், பின்னால் வருகிற ஆள் அதைச் சுத்தம் செய்வார். பையும் கேமராவும் வழக்கமான சுற்றில் கிடையாது. 1999 நவம்பரில்தான் மக்களுக்குத் திறந்தார்கள், அதுவும் ஒரு பகுதியை மட்டும். பெரிய அறை 2003ல்.

அந்தப் பெரிய அறையை வருடத்தில் ஆறு மாதம், ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, பூட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் வௌவால்கள் அங்கே வந்து, ஆளுக்கு ஒரு குட்டி போட்டு வளர்க்கின்றன. காற்றில் வந்த அந்த வாடைதானே குகைக்கு வழி காட்டியது. அந்த எச்சத்தை நம்பித்தான் குகைக்குள் இருக்கிற பூச்சிகளும் பூஞ்சைகளும் பிழைக்கின்றன, வௌவால் வராமல் போனால் அந்தச் சங்கிலியே அறுந்துவிடும். அரை வருடம் சிறந்த அறையைப் பூட்டுவது என்றால் வருமானத்தை விடுவதுதான். விடுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் எல்லாம் சரியாகப் போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். திறந்த பிறகு வந்த வருடங்களில் உள்ளே வெப்பம் கொஞ்சம் ஏறியதும் ஈரம் குறைந்ததும் அளவீடுகளில் தெரிந்தது. வெளியே மழை பொய்த்த வருடங்கள் வேறு. ஆட்களால் எவ்வளவு, வறட்சியால் எவ்வளவு என்று உட்கார்ந்து பேசவாவது முடிகிறது என்றால், அது முன்னாலேயே அளந்து வைத்த கணக்கால்தான்.

அந்தக் கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் லாஸ்கோ இருக்கிறது. சுமார் 17,000 வருடத்து ஓவியங்கள் உள்ள சுண்ணாம்புக் குகை. 1940ல் கண்டுபிடித்து, 1948ல் திறந்து, தினமும் ஆயிரத்துக்கு மேல் ஆட்களை உள்ளே விட்டார்கள். ஆட்களின் மூச்சும் உடம்புச் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி, வெள்ளைப் படிவு. 1963ல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு வருகிறவர்கள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலை.

நம்ம மலைக்கு வரும்போது

அருப்புக்கோட்டை தாண்டி பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள்தான், ஆனால் விழுது தொங்குகிற குகை பார்க்க வேண்டும் என்றால் நாம் ஆந்திராவின் பெலும் அல்லது போராவுக்குத்தான் ரயில் ஏற வேண்டும். மதுரையைச் சுற்றி இருப்பவை கடினப்பாறைகள், கரையாதவை. இங்கே குகை என்பது பாறை பாறைமேல் சாய்ந்த இடுக்கு. அதை மனிதன் கைதான் அழகாக்கியது: சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துகள், தீர்த்தங்கரர் சிற்பங்கள், வெண்சாந்து ஓவியங்கள். மீனாட்சிபுரம் மலையில் மாங்குளம் கல்வெட்டுக்கு மேலே பாறையின் நெற்றியைப் பார்த்திருக்கிறீர்களா? மழைத்தண்ணீர் வழிந்து படுக்கைக்கு வராமல் வெளியே சொட்டும்படி நீளமாகக் காடி வெட்டியிருக்கும். அரிசோனாக் குகை சொட்டால் உருவானது, நம்ம சமணப் பள்ளிகள் சொட்டை வெளியே தள்ளியதால் நிலைத்தவை. நெடுஞ்செழியன் பெயர் வருகிற அந்த எழுத்துகள் கிட்டத்தட்ட இரண்டாயிரத்து இருநூறு வருடமாக அங்கே இருக்கின்றன, 1882ல் ஆங்கிலேயரான ராபர்ட் சிவெல் பார்த்துச் சொன்னதிலிருந்துதான் படித்தவர்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. அதற்கு முன்னால் இரண்டாயிரம் வருடம் அதைக் காத்தது யார்? ஆடு மேய்த்தவர்களும், சாமி கும்பிட வந்தவர்களும், அந்த ஊரும்தான்.

சரி, கார்ட்ச்னர் மாதிரி நாமும் மறைத்து வைத்தால் போதுமா என்றால், போதாது. நம்ம மலைக்குக் கதவு கிடையாது, ஒற்றைச் சொந்தக்காரரும் கிடையாது. அதோடு, மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் என்ன செய்தன என்று எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத மலை லாரியில் ஏறிப் போய்விடும். அரிட்டாபட்டியைக் காப்பாற்றியது ரகசியம் கிடையாது, வெளிச்சம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024ல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் வந்தபோது, ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள், டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த மலையில் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்ததால்தான் இது நடந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நாள் யோசித்தேன். ஒன்று மறைத்ததால் பிழைத்தது, ஒன்று சொன்னதால் பிழைத்தது. எனக்குப் பிடிபட்டது யாருக்கு முதலில் சொல்கிறோம் என்கிற வரிசை. அங்கே நிலத்துக்காரர், அப்புறம் சட்டம், அப்புறம் அளவை, அப்புறம் கதவு, கடைசியில் பொதுமக்கள். அரிட்டாபட்டியிலும் ஊர்தான் முதலில். நாங்கள் அந்த வெண்சாந்து மனிதன் விஷயத்தில் ஊருக்கு முன்னால் உலகத்துக்குச் சொல்லிவிட்டோம்.

எங்கள் கூட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிற ஓர் அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "மறைச்சு வச்சா எங்க பிள்ளைங்க எப்பப்பா பார்க்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளைக் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குக் கூட்டிப் போகலாம், செட்டிப்புடவுக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் படி இருக்கிறது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். அங்கே எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், காட்ட வேண்டும். காவல் இல்லாத இடத்தின் வழியைத்தான் எழுதக் கூடாது என்கிறோம்.

இப்போது ஒரு புது இடம் கண்ணில் பட்டால் முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் ஊராட்சித் தலைவரிடமும் போகிறோம், துறைக்கு எழுதிக் கொடுக்கிறோம். 2002ம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், பல ஊர்களில் அது பெயரளவில்தான் இருக்கிறது, அதை உட்காரவைத்துப் பேசுகிறோம். எட்டுப் பேருக்கு மேல் போவதில்லை, ஒரே தடம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வெள்ளை உளி வெட்டின் உண்மையான விளிம்பை மறைத்துவிடும், அடுத்து வருகிறவர் சாக்பீஸ் போட்டவரின் தப்பைத்தான் படிப்பார். தண்ணீர் ஊற்றிப் படம் எடுப்பதும் வேண்டாம். கரிக்கிறுக்கலைக் கண்டால் துடைக்காமல் விட்டு, தெரிந்தவர்களைக் கூப்பிடுகிறோம். போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதை நீக்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை.

போன தை மாதம் அந்தப் பெரியவரே கூப்பிட்டு அனுப்பினார். மலைக்குப் பின்பக்கம், நாங்கள் போகாத சரிவில், இன்னொரு பாறையைக் காட்டினார். உள்ளே எட்டு உருவங்கள், ஒன்றும் அழியவில்லை, ஒன்றில் யானையின் துதிக்கை வளைவு ஒரே இழுப்பில் போட்டது போல அவ்வளவு திருத்தமாக இருந்தது. போனை எல்லாரும் கீழேயே, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருந்தோம். அக்கா மட்டும் நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டார். இறங்கும்போது ஊராட்சித் தலைவரிடம் பேச ஒரு நாள் குறித்தோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெரியவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.